ஐந்து கிலோ ஆவதற்குள்

மச்சானுக்கு,

ஜூன் 9, காலை 6:40. பாப்பா பிறந்து ஐம்பத்திரண்டு நாள். உன் அக்கா எழுதும் நோட்டுப்படி நீ பாப்பாவுக்குப் பால் கொடுத்தது நூற்றுத் தொண்ணூற்றாறு தடவை. அப்பன் நான் கொடுத்தது ஒரே தடவை.

நலமா என்று கேட்கப் போவதில்லை. நீ நலமாகத்தான் இருப்பாய். உன்னை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. போனில் சொன்னால் கத்திவிடுவேன், அதனால்தான் கடிதம்.

நான் பாட்டில் நிரப்பும் ஆலையில் மெக்கானிக். நிமிடத்துக்கு நூற்றிருபது பாட்டில், ஒன்றில் அளவு தப்பினாலும் என் சட்டையைப் பிடிக்கலாம். அந்தத் திமிரில்தான் ஆறாம் நாள் அந்த வேலையைச் செய்தேன். பாப்பாவுக்கு உதடும் மேலண்ணமும் பிளந்திருக்கிறது, பால் இழுக்க முடியவில்லை. வழி சின்னது, பெரிதாக்கு என்று ரப்பர் காம்பின் துளையை டிரில்லால் அகட்டினேன். பால் கொட்டியது. புரையேறி முகம் நீலமானது. உன் அக்கா பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டாள். இரண்டே நாளில் உங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

இப்போதுதான் மண்டையில் ஏறுகிறது. வாய்க்கும் மூக்குக்கும் நடுவே கூரை இல்லாவிட்டால் உறிஞ்சும் பிடிப்பே வராது. பக்கவாட்டில் கிழிந்த ஸ்ட்ராவில் குடிப்பது போல. அதற்கு வேண்டியது அழுத்தினால் அமுங்கும் பாட்டில், நிமிர்த்திப் பிடிக்க ஒரு கை, அவள் விழுங்கும் கணக்குக்கு அழுத்த இன்னொரு கை. நர்ஸ் ஒரு தடவை காட்டினாராம், முடிவெட்டுகிற நீ உடனே பிடித்துக்கொண்டாயாம். “தலையைப் பிடிக்கிறதுதானே நம்ம பொழப்பு! இந்தக் கஸ்டமர் தூங்கிட்டா மட்டும் எழுப்பக் கூடாது” என்றாயாம். போனில் இதைச் சொல்லும்போது உன் அக்கா சிரித்தாள். இத்தனை நாளில் அவள் சிரித்து நான் கேட்டது அதுதான். அதுவும் உன் ஜோக்குக்கு.

நேற்று நீ அனுப்பிய படம் வந்தது. பாப்பா சிரிக்கிறாள். பிளவு இரண்டு பக்கமும் விரிந்து, சிரிப்பு மூக்கு வரை ஏறியிருக்கிறது. இவ்வளவு அகலமான சிரிப்பை நான் பார்த்ததே இல்லை. போனைப் பிடித்திருந்தது நீ. ஆக, சிரிப்பு உனக்கு.

ஐந்து கிலோ ஆனதும் உதட்டைத் தைத்துவிடுவார்கள். தைக்கத்தான் வேண்டும். அதற்குப் பிறகு சிரிப்பாள், ஆனால் இந்தச் சிரிப்பு இருக்காது. போன வாரமே நாலு கிலோ நூறு. எடை கொஞ்சம் மெதுவாக ஏறட்டுமே என்று ஒரு நொடி நினைத்துவிட்டேன். பெற்ற பிள்ளையைப் பற்றி இப்படி நினைத்தவன் நான். உன் அக்காவிடம் சொல்லிவிடாதே.

இன்னொன்று உனக்குத் தெரியாது. மூன்றாம் நாள் அவளிடம், “என்ன மாத்திரை சாப்பிட்ட?” என்று கேட்டேன். எந்திரம் நின்றால் நாங்கள் முதலில் கேட்பது யார் கை வைத்தது என்றுதான். உதடு சேர வேண்டியது வயிற்றில் முதல் இரண்டு மாதத்துக்குள்ளாம். பெரும்பாலும் காரணமே தெரியாதாம், அம்மா மேல் தப்பில்லையாம். டாக்டர் சொன்னபோது அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இனி நான் செய்யப் போவது:

1. சனிக்கிழமை விடியற்காலையில் முதல் பஸ்ஸில் வருகிறேன். பத்து நாள் லீவு எழுதிக் கொடுத்தாயிற்று.
2. டூல்ஸ் பெட்டி இங்கேயே இருக்கும்.
3. இரண்டு நாள் நீ பால் கொடுப்பதைக் கைகட்டிப் பார்ப்பேன். வாயைத் திறக்க மாட்டேன்.
4. அந்தக் கேள்விக்காக உன் அக்காவிடம் மன்னிப்புக் கேட்பேன். அவள் பேசாவிட்டாலும் எழுந்து போக மாட்டேன்.
5. அவள் கொடு என்றால் மட்டும் பாட்டிலை வாங்குவேன். பிடி தப்பினால் நீ பிடித்துக்கொள்.
6. பாப்பா என்னைப் பார்த்துச் சிரிக்கிற நேரம் நீ உன் சலூன் கடையில் இரு, மச்சான். காலில் விழுந்து கேட்கிறேன். ஒரே ஒரு தடவை.