உன் அப்பாவின் பர்கர் வழக்கு

குவெம்புநகர், மைசூரு
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் மோகனாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் சௌக்கியம், வீடு சௌக்கியம், நீ நட்டுவிட்டுப் போன கறிவேப்பிலைகூட சௌக்கியம், உன் அப்பா மட்டும் முக்கால் சௌக்கியம். அங்கே டப்ளினில் நீயும் மாப்பிள்ளையும் கவின் குட்டியும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க நம் சாமி மாதேஸ்வரன் துணை. தினமும்தான் போனில் பேசுகிறோமே, இப்போது எதற்குக் காகிதம் என்று நினைப்பாய். போனில் எங்கே என்னைப் பேச விடுகிறார், ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார், நான் வாயைத் திறந்தால் அவர் இருமுகிறார். அதனால்தான் எதிர்வீட்டு வினிதா உங்கள் ஊருக்குப் படிக்க வரும்போது கொடுத்தனுப்புகிற பொம்மைப் பைக்குள் அடியில் இதை மடித்து வைக்கிறேன். பையில் ஏன் இத்தனை கரடி என்றுதானே முதலில் கேட்பாய், அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே.

தசரா அன்று கவினுக்கு வீடியோவில் யானை ஊர்வலம் காட்டினோமே, ஞாபகம் இருக்கிறதா? அதைப் பார்த்துவிட்டு அவன், பர்கர் கடையில் குழந்தைகள் சாப்பாட்டோடு மிருக பொம்மை தருகிறார்கள் தாத்தா, இங்கே யானை மட்டும் தீர்ந்துபோச்சு, எனக்கு யானைதான் வேணும் என்று உதட்டைப் பிதுக்கினான். அதே கம்பெனிக் கடை நம் இரண்டாவது மெயின் ரோட்டிலும் வந்திருக்கிறது. அவ்வளவுதான், தாத்தா இருக்கேன் சாமி, யானை ஒன்னு என்ன, அம்பாரியோட கொண்டாறேன் என்று இவர் வாக்குக் கொடுத்துவிட்டார். இந்த ஊரில் தடுக்கி விழுந்தால் மர யானை மேல்தான் விழ வேண்டும், சந்தனத்தில் வேண்டுமா, கருங்காலியில் வேண்டுமா, கடை கடையாகக் கிடக்கிறது. அதெல்லாம் ஆகாதாம். தலையில் அந்தக் கடைக்காரன் தொப்பியை மாட்டிக்கொண்டிருக்கிற பிளாஸ்டிக் யானைதான் வேண்டுமாம். அதுவோ காகிதத்தில் சுற்றி வருகிறது, பிரித்தால்தான் சிங்கமா குரங்கா என்று தெரியும். பொம்மையைத் தனியாகவும் விற்க மாட்டானாம், சாப்பாடு வாங்கினால்தான் பொம்மை.

சாப்பாட்டை வாங்கி யாருக்காவது கொடுத்துவிட்டுப் பொம்மையை மட்டும் எடுத்து வாருங்களேன் என்று ஆயிரம் தடவை சொன்னேன். காசு குடுத்து வாங்கின சோத்தை வீசற வம்சம் இல்லடி நாங்க என்று கோழி பர்கர், உருளைக்கிழங்கு வறுவல், அந்தச் சர்க்கரைத் தண்ணீர், எல்லாவற்றையும் அங்கேயே உட்கார்ந்து முடித்துவிட்டுத்தான் எழுந்து வருவார். தினமும் சாயங்காலம் வாக்கிங் போகிறேன் என்று கிளம்புவார். வாக்கிங் போகிற மனுஷன் வாயில் எண்ணெய் மினுமினுக்கத் திரும்புவதைப் பார்த்திருக்கிறாயா நீ? ராத்திரி என் ராகிக் களியைப் பார்த்தால் வயிறு சரியில்லை என்பார். கரடி வந்தது, மறுபடி கரடி வந்தது, ஒட்டகச்சிவிங்கி வந்தது, பிறகு கரடியாகவே வந்தது. பொங்கல் கழிந்து ரத்தம் சோதித்தால் சர்க்கரை முந்நூறைத் தாண்டி நிற்கிறது. டாக்டர் அம்மா ரிப்போர்ட்டைப் பார்த்தாள், இவரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்து முறைத்தாள், நான் ஊட்டிவிட்டது மாதிரி. உனக்குப் போனில் சொல்லவில்லை, வலது கால் கட்டைவிரலில் செருப்புக் கடித்த புண் ஒன்று ஆறவே மாட்டேன் என்றது. தாளபெட்டா அடிவாரத்திலிருந்து மாதேஸ்வரன் மலைக்கு நடந்தே ஏறுகிற கால் கண்ணு அது.  இப்படியே விட்டால் விரல் போய்விடும் என்று டாக்டர் அம்மா சொல்லியும்விட்டாள்.

வேறு யாராக இருந்தாலும் பர்கரை விட்டிருப்பார்கள். உன் அப்பா கம்பெனி மேல் வழக்குப் போடப் புறப்பட்டார். ஆலையில் யூனியன் செயலாளராக இருந்தவருக்கு மனு எழுதாவிட்டால் கை ஊறும் என்பது உனக்குத் தெரியாததா. பொம்மையைக் காட்டி ஆளை இழுத்து ஆரோக்கியத்தைக் கெடுத்தார்கள் என்று கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் பக்கம் பக்கமாக எழுதினார். கேட்ட பரிகாரம் என்ன தெரியுமா? நஷ்ட ஈடு, பகிரங்க மன்னிப்பு, ஒரு யானை. மனுவை எடுத்துக்கொண்டு மாடியில் குடியிருக்கிற வக்கீல் மஞ்சுநாத்திடம் போனார், வேடிக்கை பார்க்க நானும் காபியோடு பின்னால் போனேன்.

மஞ்சுநாத் நல்ல பையன், சிரிப்பை அடக்கிக்கொண்டு முழுக்கப் படித்தான். உங்களை யாராவது வலுக்கட்டாயமா தின்ன வெச்சாங்களா அங்கிள் என்று கேட்டான். பொம்மை வெச்சாங்களே என்றார் இவர். அது குழந்தைங்க சாப்பாடு ஆச்சே, உங்களுக்கு அறுபத்தாறு வயசு என்றான். குழந்தை அயர்லாந்துல இருக்கறான், நான் அவனோட பிரதிநிதியா தின்னேன் என்றாரே பார்க்கலாம், எனக்குக் காபி புரையேறிவிட்டது. அவன் மேலும் படித்துக்கொண்டே வந்தவன் ஓர் இடத்தில் நின்றுவிட்டான். தசராவிலிருந்து இன்றுவரை, மாதேஸ்வரனுக்கு உகந்த திங்கட்கிழமை நீங்கலாக, எல்லா நாளும் உண்டேன் என்று உன் அப்பா எழுதியிருந்தார். திங்கட்கிழமை கறி தொட மாட்டார், கறி வெந்த எண்ணெய் என்று அந்தக் கடைப் படியைக்கூட மிதிக்க மாட்டார், அந்தப் பெருமை கோர்ட்டுக்கும் தெரியட்டும் என்று எழுதிவைத்திருக்கிறார். மஞ்சுநாத் மெதுவாக, அங்கிள், ஸ்வல்ப, கொஞ்சம் கேளுங்க, திங்கக்கிழமை கடை திறந்துதானே இருந்துச்சு, பொம்மையும் இருந்துச்சு, ஆனா நீங்க போகலை, திங்கக்கிழமை விட முடிஞ்சவருக்குச் செவ்வாய்க்கிழமை ஏன் முடியலைன்னு அவங்க வக்கீல் கேட்டா நான் என்ன சொல்றது என்றான். இவர் குனிந்து அந்த வரியைத் திரும்பப் படித்தார். வேணும்னா அந்த வரியை எடுத்துடலாம் என்றான் அவன். சாமி விஷயத்துல பொய் எழுதச் சொல்றயா தம்பி என்று கேட்டுவிட்டு மனுவை வாங்கிக்கொண்டு கீழே வந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து கத்துவார், கம்பெனியைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவரோ நாற்காலியில் உட்கார்ந்து காலைத் தூக்கி ஸ்டூலில் வைத்துக்கொண்டார். நான் புண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது, சாமிக்கு வாரத்துல ஒரு நாள் குடுத்தேன், பேரனுக்கு ஆறு நாள் குடுத்தேன், உனக்கு ஒரு நாளும் குடுக்கலியே வடிவு என்றார். இந்த மனுஷனோடு நாற்பது வருஷம் வாழ்ந்திருக்கிறேன் மோகனா, இப்படி ஒரு வார்த்தையை இவர் வாயிலிருந்து கேட்டதில்லை. அழுகை வந்துவிட்டது, மருந்து காந்துகிறது என்று சொல்லிச் சமாளித்தேன், மருந்து அவர் காலில் அல்லவா இருக்கிறது. இனிமேல் எனக்கு எல்லா நாளும் திங்கட்கிழமைதான் என்று அன்றைக்குச் சொன்னவர் இந்த நிமிஷம்வரை அந்தக் கடைப் பக்கம் திரும்பவில்லை. கேட்பவர்களிடம் இன்னிக்கு என் கணக்குல திங்கட்கிழமைங்க என்று சொல்லிக்கொண்டு திரிகிறார். சர்க்கரை இறங்கியிருக்கிறது. புண்ணும் ஓரமெல்லாம் காய்ந்து சுருங்கி வருகிறது, பயப்படாதே.

யானை மட்டும் அவர் மனசில் முள்ளாகக் கிடந்தது, குழந்தையிடம் சொன்ன வாக்கு ஆயிற்றே. போன புதன்கிழமை காய் வாங்கப் போகிற சாக்கில் நானே அந்தக் கடைக்குப் போனேன். கண்ணாடிக் கதவைத் தள்ளுவதா இழுப்பதா தெரியாமல் நின்று, உள்ளே போய், குழந்தைகள் சாப்பாடு ஒன்று என்று வெட்கத்தோடு கேட்டு வாங்கி, பிரித்துப் பார்த்தால் முதல் பொட்டலத்திலேயே யானை. அதையும் இந்தப் பையில் கரடிகளுக்கு நடுவில் ஒளித்து வைத்திருக்கிறேன். அவருக்குத் தெரிந்தால் மனசு ஒடிந்துபோவார், தயவுசெய்து உளறிவைக்காதே, யானை உங்கள் ஊர்க் கடைக்கே வந்துவிட்டது என்று கவினைச் சொல்லச் சொல். அடுத்த பொம்மை எதுவும் தாத்தாவிடம் கேட்கக் கூடாது என்று அவனுக்குக் கண்டிப்பாகச் சொல்லிவை, இனி வழக்குப் போட்டால் முதல் எதிரி அவன்தான். நீயும் வேலை அசதியில் அந்தக் குப்பையை வாங்கி அவனுக்குக் கொடுத்துப் பழக்காதே, ஒரு ரசம் வைக்க எவ்வளவு நேரம் ஆகிவிடப்போகிறது. தலைக்கு எண்ணெய் வை, மாப்பிள்ளையோடு சண்டை போடாதே. மூன்று பேரும் நோய் நொடியில்லாமல், மனசு நிறைந்து, சிரித்த முகமாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா வடிவு

முக்கியமாக ஒன்று. யானை கிடைத்த அன்று அந்தப் பர்கரை வீணாக்க மனசு வராமல் நானே தின்றேன். சும்மா சொல்லக் கூடாது, நன்றாகத்தான் இருந்தது. வியாழனும் வெள்ளியும் காய் வாங்கப் போனபோது கால் தானாக அந்தப் பக்கம் திரும்பியது. அதனால் நேற்றிலிருந்து எனக்கும் திங்கட்கிழமைதான்.