குடைக்கடைப் பலகையில் விட்ட இடம்

மச்சான்,

சத்தியம் செய்து சொல்கிறேன்: இனி எழுதப்போவதை நெல்லித்தோப்பில் ஒரு காக்கைகூட நம்பாது. நீயாவது அங்கிருந்து தலையாட்டு.

காலையில் ஜன்னலுக்கு அடிக்கப் பெயின்ட் டப்பாவைத் திறந்தேன். அந்த வாசனை என்னை இழுத்துக்கொண்டு போய் உன் முதலியார்பேட்டைக் குடைக்கடை வாசலில் நிறுத்தியது. மழை ஏமாற்றிய வருஷம் அது. ஐப்பசியிலும் வெயில், கடலே வியர்த்ததாக ஊரில் பேச்சு. கிளப்பியவன் நான்தான். விற்காத குடைகள் கூரை முழுக்கத் தொங்கின. நீ பெட்டியே கட்டிவிட்டாய். "கடைய மூடிட்டு மெட்ராஸ்ல மச்சினன்கிட்ட போயிடறேன்டா" என்றாய். நீ போய்விட்டால் சாயங்காலம் நான் யாரிடம் பொய் சொல்வது?

"வெலையக் கொறைச்சிட்டேன்னு இங்கிலீஷ்ல போர்டு போடு, கூட்டம் பிச்சிக்கும்" என்று பிரஷ்ஷோடு வந்தேன். 'அம்ப்ரல்லாஸ் அட்' வரை ராஜகம்பீரமாக எழுதினேன். அடுத்து 'ரெட்யூஸ்டு காஸ்ட்' என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே எழுதக் கை ஓங்கியபோது எதிர்வீட்டு இங்கிலீஷ் டீச்சர் நின்றுவிட்டார்.

"காஸ்ட்னா உங்களுக்கு ஆன செலவு. நாங்க குடுக்கறது ப்ரைஸ்."

நீ பதறிப்போனாய். "எனக்கு ஆன செலவு எங்கடா கொறைஞ்சிது? பொய் எழுத வச்சிருப்பியே!"

பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் வாங்கும் சொல்தா ஐயா குறுக்கே வந்தார். "ரெண்டும் வாணாம் மிஸ்யே. பாரிஸ்ல தள்ளுபடிக்கு 'சோல்து'ன்னுதான் போடுவான்."

"அப்படிப் போட்டா எல்லாம் வித்துப்போச்சுன்னு நெனைப்பாங்க ஐயா!" என்றார் டீச்சர்.

அவ்வளவுதான். முதலியார்பேட்டையே திரண்டது. தேங்காய்த்திட்டு மீன் ஏலத்திலிருந்த வஞ்சிரம் எழுந்து வந்து கருத்துச் சொன்னது. புதுசாக செல்போன் வாங்கியவர்கள் பெங்களூர் மருமகன்களைக் கேட்டார்கள், ஆளுக்கொரு பதில். கேட்கக் கேட்க, எனக்கு முன்பு தெரிந்திருந்த இங்கிலீஷும் போயிற்று.

வெயில் உச்சிக்கு ஏறியது. சண்டையை விட்டுப் போக யாருக்கும் மனசில்லை. தொங்கிய குடைகளை ஆளுக்கொன்றாக விரித்துக்கொண்டு பேசினார்கள். விரித்ததைத் திருப்பித் தர வெட்கம், வாங்கிக்கொண்டு போனார்கள். மறுநாளும் வந்து, "இன்னா முடிவு பண்ணீங்க?" என்றார்கள். மறுபடி சண்டை, மறுபடி வெயில், மறுபடி குடை.

நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய். "எழுதாதடா. எழுதிட்டா அப்புறம் எவன் வருவான்?"

போன மாதம் நீ போய்விட்டாய். மெட்ராஸுக்கு இல்லை. உன் மகள் கடையை ஒழித்தபோது அந்தப் பலகையை மட்டும் கேட்டு வாங்கி வந்தேன். ஜன்னலுக்கு அடித்தது போகப் பெயின்ட் மிச்சம் இருக்கிறது. பலகை முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். காஸ்ட்டா, ப்ரைஸா? இன்னும் பிரஷ் ஓடவில்லை. ஓடாமலே இருக்கட்டும்.

வஞ்சிரம் பேசியது பொய். கடல் வியர்த்தது பொய். முதலியார்பேட்டை என்றது ஏழெட்டுப் பேர். ஒன்று மட்டும் நிஜம் மச்சான்: அன்று சாயங்காலம் கட்டிய பெட்டியைப் பிரித்து, வேட்டிகளைத் திரும்ப அலமாரியில் அடுக்கினாய்.