சாமி இல்லாத பாடப்புத்தகம்

அக்கா,

இன்று காலை பழைய பேப்பர்காரர் வந்திருந்தார். செய்தித்தாள்களோடு கவினின் பழைய பாடப்புத்தகங்களையும் போட்டுவிடலாம் என்று அலமாரியைக் காலி செய்தேன். ஐந்தாம் வகுப்பு அறிவியல் புத்தகம் தராசில் ஏறும்போது தானாகத் திறந்துகொண்டது. பக்கத்தின் ஓரத்தில் மஞ்சள் படிந்த கட்டைவிரல் தடம். உங்களுடையதுதான். சமையலைப் பாதியில் நிறுத்திவிட்டு, கையைத் துப்பட்டாவில் துடைத்தும் துடைக்காமலும் ஓடி வந்து பக்கம் புரட்டுவீர்களே, அந்தத் தடம். புத்தகத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டேன். “என்ன அண்ணி, வைப்பீங்க, எடுப்பீங்க?” என்று இந்தியில் அலுத்துக்கொண்டார் அவர்.

நாம் முதலில் பார்த்துக்கொண்டது இந்த ஊரின் ஔந்துப் பகுதியில், குழந்தைகளின் நரம்பு மருத்துவரிடம் காத்திருந்தபோது. நான் கவினைத் தமிழில் அதட்டியதும் முன்வரிசையில் இருந்த நீங்கள் திரும்பினீர்கள். “கோயமுத்தூரா? புள்ளைய திட்றதுக்குக் கூடவா ‘ங்க’ போடுவாங்க?” என்று சிரித்தீர்கள். அன்றிலிருந்து கடைசிவரை உங்களுக்கு நான் ‘கோயமுத்தூர்’தான். நீங்கள் இதே ஊரில், கட்கியில் பிறந்து வளர்ந்தவர். அப்பா வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். வேலூர்த் தமிழில் பாதி இந்தி கலந்து பேசுவீர்கள். இரண்டு பேருக்குமே வீடு சாங்வியில், நாலு தெரு தள்ளி என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

கவினுக்கு எழுத்துகள் இடம் மாறித் தெரியும். பள்ளிக்குப் போகும் நேரம் வந்தால் வாந்தி எடுப்பான். உங்கள் ஜெனிக்கு வலிப்பு. வகுப்பில் இரண்டு முறை விழுந்த பிறகு, எங்களால் பொறுப்பேற்க முடியாது என்று பள்ளியில் கைவிரித்துவிட்டார்கள். இதையெல்லாம் சொல்லிவிட்டு, “அப்ப ரெண்டையும் நாமளே ஒண்ணா உக்கார வெச்சுப் படிக்க வெச்சா இன்னா?” என்றீர்கள். விளையாட்டுக்குச் சொல்கிறீர்கள் என்று நினைத்தேன். அடுத்த வாரமே என் வீட்டுச் சாப்பாட்டு மேஜையைத் துடைத்துத் தயாராக்கிவிட்டீர்கள்.

பாடம் நடத்துவதைவிடப் புத்தகம் தேடுவதுதான் பெரும்பாடாக இருந்தது. முதலில் வந்தது உங்கள் சபைக் குடும்பம் ஒன்று வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த பெட்டி. வழவழப்பான தாள், அழகான படங்கள். உலகம் ஆறு நாளில் உண்டானது என்பதில் அறிவியல் தொடங்கியது. ‘கடவுள் மீன்களை எதற்காகப் படைத்தார்?’ என்று பாடத்தின் முடிவில் ஒரு கேள்வி. உங்கள் கழுத்தில் சிலுவை. ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவர். இது வேண்டாம் என்று நான் எப்படிச் சொல்வேன்? நீங்களே அதை மூடி வைத்தீர்கள். “ஜெனி இத சண்டே ஸ்கூல்ல கேட்டுக்கினுதான் இருக்கா. கவின் இன்னாத்துக்கு இதுக்கு மார்க் வாங்கணும்?”

அடுத்தது ‘அப்பா பல்வந்த் சௌக்’ புத்தகக் கடைத்தெருவில் என் கணவர் பார்த்து வாங்கி வந்தது. கணக்குப் பாடம் ஒவ்வொன்றும் சுலோகத்தோடு தொடங்கியது. வரலாற்றில் புராணக் கதைக்கும் அரசர் கதைக்கும் நடுவே கோடே இல்லை. இந்த முறை மூடி வைத்தது நான்.

மூன்றாவதை மறக்கவே முடியாது. ‘எம்மதமும் சாராதது’ என்று அட்டையிலேயே ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தார்கள். தேடல் முடிந்தது என்று நான் டீ போடப் போனேன். திரும்பி வந்தால் நீங்கள் ஒரே பக்கத்தைப் பார்த்தபடி இருந்தீர்கள். ஒன்றும் அறியாத மக்கள் தங்கள் பயத்துக்குக் கடவுள்களை உண்டாக்கிக்கொண்டார்கள் என்று அதில் இருந்தது.

“இத படிச்சிட்டு வந்து ஜெனி என்கூட ஜெபத்துக்கு உக்காந்தா, என்னப் பாத்து சிரிக்குமா, இல்ல ஐயோ பாவம்னு நெனைக்குமா?”

“அது பொதுவாத்தானுங்கக்கா எழுதியிருக்காங்க...”

“அரே, எந்தப் பக்கமும் சேராத புக்குன்னா எல்லாரையும் திட்ற புக்கு இல்லம்மா.”

அதுவரை, கடவுளைத் தூக்கி வெளியே வைத்துவிட்டால் போதும், அதுதான் நடுநிலை என்று நினைத்திருந்தேன். மேஜையில் உட்கார்ந்திருக்கும் எந்தப் பிள்ளையும் தலைகுனிய வேண்டாத பக்கங்களைத்தான் நீங்கள் தேடினீர்கள். அப்படி ஒரே பெட்டியில் எதுவும் கிடைக்கவில்லை. கணக்குக்கு அரசாங்கப் புத்தகம், அறிவியலுக்கு ஒரு சின்னப் பதிப்பகத்தின் புத்தகம், வரலாற்றுக்கு இரண்டு வெவ்வேறு புத்தகங்களை எதிரெதிரே வைத்து வாசிப்பது என்று ஒட்டுப்போட்டுத்தான் ஓட்டினோம்.

பூமியின் வயதைச் சொல்லும் பாடத்தை நீங்கள் வீட்டில் நடத்தவில்லை. பஸ் பிடித்து கடக்வாஸ்லா அணைக்கு அழைத்துப் போனீர்கள். அணைக்கு அந்தப் பக்கம் கரும்பாறை மேல் பிள்ளைகளின் கையை வைக்கச் சொல்லிவிட்டு, எரிமலைக் குழம்பு எத்தனை கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே உறைந்தது என்று வாசித்தீர்கள். ஜெனி பாறையிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள். “சண்டே ஸ்கூல் அங்கிள் ஆறு நாள்னு சொன்னாரே மம்மி?”

“சண்டே அவர் சொல்றத கேட்டுக்கோ. இன்னிக்கு பாறை சொல்றத கேட்டுக்கோ. ரெண்டையும் போட்டு ரோசன பண்ண, பெரிசானப்புறம் நெறைய டைம் இருக்கு.”

அவள் மறுபடி கையை வைத்தாள். அன்று வாட்டிய சோளம் வாங்கித் தின்றபடி திரும்பினோம். உங்களுக்கு முதுகு வலிக்கிறது என்றீர்கள். பஸ்ஸின் குலுக்கல் என்று நினைத்தோம்.

பஸ்ஸின் குலுக்கல் இல்லை என்று தெரிந்தபோது, மருத்துவர்கள் செய்வதற்கு அதிகம் மிச்சமிருக்கவில்லை. கட்டிலில் படுத்தபடியே ஜெனியின் பாடத்தை விசாரிப்பீர்கள். உங்கள் கணவரின் அண்ணன் வேலூரிலிருந்து வந்திருந்தார். ஒரு நாள் நான் கஞ்சி டம்ளரோடு வாசற்படியில் நிற்கிறேன், உள்ளே அவர் ஜெபத்தை முடித்துவிட்டு உங்களிடம் சொன்னார்: “கர்த்தர் இல்லாத படிப்ப வீட்டுக்குள்ள கொண்டாந்த. இப்ப பாரும்மா.” நீங்கள் கண்களை மூடிக்கொண்டீர்கள். அவர் வெளியே போனதும் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டீர்கள்.

“அவர் சொல்றது நெஜமா இருக்குமா கோயமுத்தூர்?”

“அப்படியெல்லாம் இருக்காதுங்கக்கா.”

“என் ஆண்டவர் அப்பிடிப்பட்டவர் இல்ல. எனக்குத் தெரியும்.” சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தீர்கள். “ஆனா சொல்லிட்டார், இல்ல?”

நோய்க்குக்கூட நீங்கள் பயந்து நான் பார்த்ததில்லை. அன்று பார்த்தேன். கஞ்சி ஆறிப்போனது. கிளம்பும்போது என் கையைப் பிடித்து, “ஜெனிய மேஜையிலருந்து எழுப்பிடாத” என்றீர்கள். அதற்குப் பிறகு நீங்கள் தெளிவாக எதுவும் பேசவில்லை.

கட்கி கல்லறையில் மழையோடு மழையாக உங்களை அடக்கம் செய்தோம். சில நாள் கழித்து ஜெனி பையோடு வந்து தன் இடத்தில் உட்கார்ந்தாள். அன்றைக்கென்று அறிவியலில் என்ன பாடம் தெரியுமா அக்கா? செத்த உயிர்கள் மக்கி மண்ணோடு சேர்வது பற்றியது. அதைத் தாண்டி வேறு பக்கத்தைத் திறந்தேன். “மம்மி வரிசையா படிக்கணும்னு சொல்வாங்க” என்று அவளே திருப்பிப் பழைய பக்கத்துக்குக் கொண்டுவந்து சத்தமாக வாசித்தாள். பாதியில் நின்றாள்.

“ஆன்ட்டி, மம்மியும் மிட்டி ஆயிடுவாங்களா?”

கவின் என் முகத்தைப் பார்த்தான். அத்தனை பாடுபட்டு நாம் தேர்ந்தெடுத்த புத்தகத்தில் அதற்குமேல் ஒரு வரிகூட இல்லை. இருக்கக் கூடாது என்றுதானே தேர்ந்தெடுத்தோம்? உங்கள் கோயில் சொல்வதை என் வாயால் சொன்னால் அது பொய்யாகிவிடும். என் மனதில் இருப்பதைச் சொல்ல எனக்கு உரிமையில்லை.

“உடம்பு ஆயிடும் கண்ணு. மத்தது இந்தப் புத்தகத்துக்குத் தெரியாது. ஆண்டவர்கிட்டப் போறேன்னு உங்கம்மா நம்பினாங்க.”

“நீங்க நம்பறீங்களா?”

“எனக்குத் தெரியல.”

“நான் மம்மிய நம்பறேன்” என்றாள். பிறகு மிச்சப் பத்தியையும் வாசித்து முடித்து, பாடக் கேள்விகளுக்குப் பதில் எழுதினாள். அழவேயில்லை. அடுக்களைக் குழாயைத் திறந்துவிட்டு நான்தான் அழுதேன்.

வீட்டுக்குப் போனவள், அன்றன்று படித்ததைச் சொல்லும் பழக்கப்படி பெரியப்பாவிடம் அதையும் சொல்லியிருக்கிறாள். மறுநாள் அவர் வந்தார். கத்தவில்லை. நான் கொடுத்த தண்ணீரைக் குடித்தார். “நீங்க நல்லவங்கதாம்மா. ஆனா தாய இழந்த புள்ளைக்கு, உங்கம்மா மண்ணாயிட்டான்னா சொல்லிக் குடுப்பாங்க? நாங்க உயிர்த்தெழுதல நம்பறவங்க” என்று சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. அப்படி மட்டும் சொல்லவில்லை என்று விளக்கினேன். நீங்கள் கேட்டுக்கொண்டதையும் சொன்னேன். தலையை ஆட்டியபடியே ஜெனியின் பையை எடுத்துக்கொண்டார். பால்கனியிலிருந்து பார்த்தேன், உங்கள் கணவர் கீழே பைக் பக்கத்தில் குனிந்த தலையோடு நின்றிருந்தார். மேலே வரவேயில்லை.

வேலூருக்குக் கூட்டிப் போய் அங்கே பள்ளியில் சேர்த்துவிட்டார்கள். ஒரே ஒரு முறை, கிறிஸ்துமஸ் அன்று ஜெனி போன் செய்தாள். மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா என்றேன், ம் என்றாள். “இங்க சயின்ஸ் புக் நல்லாத்தான் இருக்கு ஆன்ட்டி. கொஸ்டின் கேட்டா மட்டும் உக்காருன்றாங்க.” யாரோ கூப்பிட்டார்கள், வைத்துவிட்டாள். பிறகு அந்த எண்ணுக்கு நான் எத்தனை முறை அழைத்தும் யாரும் எடுப்பதில்லை.

கவினுக்கு அடுத்த ஆண்டுப் புத்தகங்கள் எடுக்க வேண்டும். “இப்ப இவன் ஒருத்தன்தானே, கெடைக்கறத வாங்கிட்டு வேலையைப் பாரு” என்கிறார் என் கணவர். அவர் சொல்வதில் தப்பில்லை. ஆனால் என்னால் முடியவில்லை அக்கா. ஒவ்வொரு பாடத்தையும் ஒருமுறை கவினுக்காகப் படிக்கிறேன். பிறகு, ஜெபம் செய்துவிட்டு வந்து உட்காரும் ஒரு பெண்ணுக்காக இன்னொரு முறை படிக்கிறேன். அவள் முகம் சுருங்கும் என்று தோன்றினால் அந்தப் புத்தகத்தை ஒதுக்கிவிடுகிறேன். நல்ல புத்தகங்கள்கூட அப்படிப் போயிருக்கின்றன. இன்னமும் நான் இரண்டு பிள்ளைகளுக்காகத்தான் புத்தகம் தேர்ந்தெடுக்கிறேன். மேஜையில் இருப்பது ஒருவன்.