தொங்கி நிற்கும் பாலைமரம்

அன்புள்ள வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்களுக்கும் உம்மாவுக்கும் அல்லாஹ் நல்ல சுகத்தைத் தரட்டும். உங்கள் இருமல் குறைந்ததா?

புயலில் சாய்ந்த பாலைமரம் குசினிக்குப் பக்கத்து வேம்பில் தொங்கி நிற்பதாகவும், அந்த வேம்பை மெசின் வாளால் நீங்களே அறுக்கப் போவதாகவும் தங்கச்சி நிஸ்லா சொன்னாள். தயவுசெய்து கிட்டப் போகாதீர்கள். இந்த ருமேனியாக் காட்டில் பல வருடமாக மரம் தறிக்கும் எனக்கே, தொங்கும் மரம் எந்தப் பக்கம் உருளும் என்று தெரியாது. வேம்பை அறுத்தால் இரண்டும் உங்கள் மேல்தான் விழும். நீளமான கம்பி கட்டி, உழவு மெசினால் தூரத்திலிருந்து இழுப்பியுங்கள். அதுவரை சமைக்கக்கூட குசினிக்குள் யாரும் போக வேண்டாம்.

போன கிழமை இங்கும் ஒரு மரம் அப்படித் தொங்கியது. கீழே கிடந்த வாளை எடுக்கப் போனேன்.

"நானா, போகாதேங்கோ, முறியிற சத்தம் கேக்குது" என்று, கூட வேலை செய்யும் முருங்கன் ஊர்த் தம்பி ஜெகதீபன் கத்தினான்.

பெரிதாக ஒன்றுமில்லை. ஆசுபத்திரியில் நன்றாகச் சாப்பிடுகிறேன். நான் சொல்லச் சொல்ல ஜெகதீபன்தான் இதை எழுதி, நிஸ்லாவின் போனுக்கு அனுப்புகிறான். இப்போதைக்கு வீடியோவில் கூப்பிட வேண்டாம்.

தாதி வந்துவிட்டா. பெருநாளுக்கு உம்மா தைக்கும் சேட்டில் பொத்தான் வைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள், காரணம் சொல்லாதீர்கள். ஒரு கையால் பூட்ட இன்னும் பழகவில்லை.

உங்கள் மகன்,
ரிஸ்கான்