கண்ணாடி வரட்டும்

ஜூலை 3, வியாழன்

காலையிலிருந்தே மூடுபனி. சாந்தன்பாறை முழுக்க. மழை விட்டு விட்டு.

கண்ணாடி உடைந்தது. யார் மேலும் குற்றமில்லை. முகம் கழுவப் போகும்போது கட்டில் ஓரத்தில் கழற்றி வைத்தேன், திரும்பி வந்து நானே அதன் மேல் உட்கார்ந்தேன். இடது பக்கம் இரண்டு துண்டு, காதுக் கம்பி தனி. பதினோரு வருடம் மூக்கில் இருந்த கறுப்பு பிரேம். பவர் மைனஸ் ஒன்பது. மாற்றுக் கண்ணாடி கிடையாது.

நோட்டை மூக்கில் இடிக்கிற மாதிரி பிடித்து எழுதுகிறேன். அரைச் சாணுக்கு அப்பால் உலகம் இல்லை.

ஜூலை 4, வெள்ளி

ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் சூப்பர்வைசர் லிஸி சேச்சி என்னைத் தரம் பிரிக்கும் மேசையிலிருந்து எழுப்பிவிட்டார். "பச்சைக் காயும் வெளுத்ததும் ஒண்ணாப் போட்டிருக்க ஜெயா. கண்ணாடி வர்ற வரைக்கும் சாக்கு தைக்கப் போ." கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் பதினாலு வருடமாக என் மேசை. அங்கே யாரோ உட்கார்ந்தாள். சிவப்பு ஸ்வெட்டர், அவ்வளவுதான் தெரிந்தது.

மற்றபடி உலகம் மோசமில்லை. ஸ்டோர் பல்பு ஒவ்வொன்றும் பெரிய மஞ்சள் பூவாக விரிந்து நிற்கிறது. எதிரே வருகிறவர்களுக்கு முகம் இல்லை, நடை மட்டும். மலை இல்லை. பச்சை, அதற்கு மேலே வெள்ளை. சின்னப் பிள்ளையில், கண்ணாடி போடுவதற்கு முன்னால், எல்லாருக்கும் இப்படித்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

மாலை வீட்டில் என் அண்ணன் தாசன்: "ஞாயித்துக்கிழமை சின்னக்கானல்ல இருந்து ஒன்னைப் பாக்க வாராக. அருளப்பன்னு பேரு. தேயிலை ஃபேக்டரியில வேலை. சம்சாரம் தவறி அஞ்சு வருசமாச்சு. பிள்ளை இல்ல."

"கண்ணாடி வந்தப்புறம் வரச் சொல்லேன்."

"பாக்கப் போறது அவுகதான? நீ உக்காந்தாப் போதும்."

எனக்கு முப்பத்தெட்டு. அண்ணன் வீட்டில் ஒரு கட்டில். சரி என்றேன்.

ஜூலை 5, சனி

நெடுங்கண்டம் கண்ணாடிக் கடை. மதினி, அண்ணனின் மனைவிதான், கூட வந்தார்கள். பஸ்ஸில் ஜன்னலோரம். வெளியே பச்சைத் தண்ணீர் ஓடுகிற மாதிரி.

கண் பார்த்தார்கள். அதே பவர், கூடவில்லை. நிம்மதி.

பிரேம் பார்ப்பதுதான் வேடிக்கை. புதுப் பிரேமில் பவர் கிடையாதே. போட்டுக்கொண்டு நிலைக்கண்ணாடி முன்னால் நின்றால், ஒரு மங்கிய உருண்டை, அதில் இரண்டு வட்டம். இத்தனை வருடமும் மற்றவர்கள் நல்லாயிருக்கு என்றதைத்தான் வாங்கிப் போட்டிருக்கிறேன்.

மதினிக்குப் பிடித்தவை:
- விளிம்பே இல்லாதது. "போட்டிருக்கதே தெரியாது ஜெயா."
- தங்கக் கலர் மெல்லிய கம்பி.
- திரும்பவும் விளிம்பில்லாதது.

கடையில் இருந்த ஷைனி மலையாளத்துப் பெண். தமிழ் இழுத்து இழுத்துப் பேசினாள். "சேச்சி, இந்தப் பவருக்கு லென்ஸ் ஓரம் நல்ல கட்டியா வரும். ரிம் இல்லேன்னா அது அப்படியே வெளியே காணும். சின்ன பிரேம் எடுங்க. கண்ணு நடுவுல நிக்கணும்."

குனியச் சொன்னாள். தலையை ஆட்டச் சொன்னாள். சிரிக்கச் சொன்னாள். சும்மா எப்படிச் சிரிப்பது என்று கேட்டுச் சிரித்தேன். நாலு பிரேம் வழுக்கி விழுந்தது. என் மூக்கு தாழ்ந்த மூக்கு. நாள் முழுக்கக் குனிந்து காய் பார்க்கிற வேலை என்றேன். அவள் யோசித்து ஐந்தாவதை எடுத்தாள். காபிக் கலர், சின்னது, மூலை லேசாகச் சதுரம். மூக்கில் உட்காரும் இரண்டு பட்டையைக் குறட்டால் வளைத்துக்கொடுத்தாள். நின்றது. நெற்றிப்பொட்டில் அழுத்தவில்லை. சிரித்தபோது கன்னம் அதைத் தூக்கவில்லை.

மதினி: "டீச்சர் மாதிரி இருக்கு." பாராட்டு இல்லை.

ஷைனி என் போனை வாங்கி ஒவ்வொன்றையும் போட்டுப் போட்டோ எடுத்தாள். போனை மூக்கருகே பிடித்துப் பார்த்தேன். விளிம்பில்லாததில் ஒளிந்துகொள்ளப் பார்க்கிற முகம். காபிக் கலரில் கண்ணாடி போட்ட ஒருத்தி. நான் அதுதானே. அதையே எடுத்தேன்.

லென்ஸ் கொச்சியிலிருந்து வரவேண்டும். அடுத்த சனி.

ஜூலை 6, ஞாயிறு

பூசை முடிந்து வந்தார்கள். அருளப்பனும் அவர் அக்காவும். மதினி என் முழங்கையைப் பிடித்து நடத்த, டீயோடு போனேன்.

தெரிந்தது: வெள்ளைச் சட்டை. உயரம். கறுப்புத் தலை. முகம் இருக்கவேண்டிய இடத்தில் புகை. குரல் மட்டும் தெளிவு. கொஞ்சம் கரகரப்பு, அவசரமில்லாத குரல்.

அண்ணன் பேசினான், பேசிக்கொண்டே இருந்தான். நடுவில் அவர் என் பக்கம் திரும்பினார்.

"என் மூஞ்சி தெரியுதா உங்களுக்கு?"

"அதெல்லாம் தெரியும். கண்ணாடி ஒடைஞ்சுபோச்சு, லேசா மங்கல், அவ்வளவுதான்" என்றான் அண்ணன்.

"அவங்களைக் கேட்டேன்."

"தெரியல" என்றேன்.

டம்ளரைக் கீழே வைக்கிற சத்தம். பிறகு அவர்: "அப்போ இன்னிக்கு ஒண்ணும் சொல்ல வேணாம். கண்ணாடி வரட்டும். அடுத்த ஞாயித்துக்கிழமை வாரேன். பாத்துட்டுச் சொல்லுங்க."

போனபின் மதினி டம்ளர்களைச் சத்தமாகக் கழுவினார்கள். அண்ணன்: "தெரியுதுன்னு ஒரு வார்த்தை சொன்னாக் கொறஞ்சா போயிருவ?"

என்ன கோபம் என்று புரியவில்லை.

ஜூலை 9, புதன்

மழை. சாக்கு. கையில் இரண்டு தடவை ஊசி.

அந்தக் குரலுக்கு ஒரு முகம் செய்துகொண்டிருக்கிறேன். மீசை வைத்தேன், எடுத்தேன். நெற்றியைக் கொஞ்சம் அகலமாக்கினேன். சாக்கு தைக்கிற கை தன்பாட்டுக்குத் தைக்கிறது. உலர்த்தும் அறைச் சூட்டில் ஏலக்காய் வாசம் எழும்பி வந்து, தூக்கமும் இல்லை விழிப்பும் இல்லை.

திரும்பி நடக்கையில் பகலிலேயே ஜீப் விளக்குகள், பனிக்குள் இரண்டிரண்டு நிலாவாக. ஒதுங்கி நின்று பார்த்தேன். "ஜெயாக்கா, பாத்துப் போங்க" என்று ஒரு குரல் கடந்து போனது.

காலையில் கண்ட கனவு: அவர் பனிக்குள் நிற்கிறார். சேலை முந்தியால் துடைக்கிறேன். துடைத்த இடத்திலும் பனி. பயமில்லை. துடைத்துக்கொண்டே இருந்தேன்.

கண்ணாடி வராமலே போனால் என்ன என்றுகூட ஒரு நிமிடம்.

ஜூலை 12, சனி

வந்துவிட்டது.

ஷைனி காதுக்கம்பியைச் சூடு காட்டி வளைத்தாள். "வலது காது கொஞ்சம் மேலே இருக்கு சேச்சி, அதான்." முப்பத்தெட்டு வருடம் எனக்குத் தெரியாத செய்தி.

கடை போர்டில் எழுத்துகள். மரத்தில் இலைகள், தனித்தனியாக. எவ்வளவு இலை! பஸ்ஸில் மதினியின் கழுத்துச் சுருக்கம், கண்டக்டர் விரலில் மை. வீட்டுக் கண்ணாடியில் நான்: காதோரம் நரை, கண்ணுக்குக் கீழே நிழல், நடுவே காபிக் கலர் சட்டம். நன்றாக இருந்தது. யாரும் சொல்லவில்லை, நானே சொல்கிறேன்.

அண்ணன் என்னைப் பார்த்தான். உடனே வேறு பக்கம் பார்த்தான்.

ஜூலை 13, ஞாயிறு

வெயில். அவர் தனியாக வந்தார். வாசலில், வெளிச்சத்தில் நின்றார்.

வலது கண்ணைச் சுற்றி வெள்ளை. கன்னத்தில் இறங்கி உதட்டோரம் வரை. கழுத்திலும். வெண்படை. ஒரு புருவம் பாதி வெள்ளை. நான் செய்து வைத்திருந்த முகம் போன இடம் தெரியவில்லை.

"சொன்னாங்களா?" என்றார்.

"இல்ல."

"போன வாரமே தெரிஞ்சுபோச்சு. என் மூஞ்சிக்கு நேரா பாத்துட்டு ஒண்ணுமே ஆகாத மாதிரி இருந்தீங்க. யாரும் அப்படிப் பாக்கிறதில்ல. முதல்ல சந்தோசமா இருந்துச்சு. அப்புறந்தான் தோணுச்சு, இவங்களுக்குத் தெரியலன்னு."

அண்ணன்: "சொன்னா நீ வேணாம்ப. ஒன் நல்லதுக்குத்தான்..."

"வேணாம்னு சொல்லுதது என் வாய்தானண்ணே. அதையும் நீயே சொல்லிருவியா?"

அண்ணன் பின்பக்கம் போய்விட்டான். அழுகை வந்தது. அந்த வெள்ளைக்காக இல்லை. அண்ணனுக்காக, கண்ணாடி வருமுன்னே அவசர அவசரமாக அவன் தேர்ந்தெடுத்த ஞாயிற்றுக்கிழமைக்காக. அவர் வாசலிலேயே காத்திருந்தார்.

"வலிக்குமா?" என்று கேட்டேன்.

"வெயில் பட்டா எரியும். தொப்பி போட்டுக்கிடுவேன்." பிறகு, "பிடிக்கலன்னா சொல்லிருங்க. அக்காகிட்ட நான் பேசிக்கிடுதேன்."

பார்த்தேன். நிறைய நேரம். முகத்தைத் திருப்பாமல் நின்றார். கண் சிறியது. பல் கொஞ்சம் முன்னால். கூச்சத்தில் சிரித்தார். வெள்ளைப் பக்கமும் கறுப்புப் பக்கமும் ஒன்றாகத்தான் சிரித்தது.

"எனக்குச் சம்மதம். ஆனா ஸ்டோர் வேலைய விடமாட்டேன்."

"சின்னக்கானல்ல இருந்து காலையில ஜீப் இருக்கு" என்றார் உடனே. "ஆறே முக்காலுக்கு."

விசாரித்து வைத்திருக்கிறார்.