துத்தநாகம் சேர்த்துப் பாருங்கள்

கல்முனை,
20.08.1981

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உம்மாவும் நானும் சுகம். அந்நிய ஊரில் நீங்களும் சுகமாய் இருக்க இரண்டு பேரும் துஆச் செய்கிறோம்.

உங்கள் கடிதம் கிடைத்தது. ஆய்வுக்கு வளர்த்த செம்புப் பளிங்கில் துத்தநாகம் கலந்து பழுதாகிவிட்டது, பேராசிரியர் வீசச் சொல்லிவிட்டார், ஆராய்ச்சியை விட்டுவிட்டு ஹஜ்ஜுப் பெருநாளைக்கு வந்துவிடுகிறேன் என்று எழுதியிருந்தீர்கள். உம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. மருமகன் வருகிறார் என்று வீட்டுக்கு வெள்ளையடிக்க அச்சிமுகம்மது காக்காவைக் கூலிக்குப் பேசிவிட்டார். நான்தான் கோபத்தில் அன்று சோறு தின்னவில்லை. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் உங்களோடு பௌதிகம் படித்தவள் நான். எனக்குப் போய் இப்படி எழுத எப்படி மனம் வந்தது?

நீங்கள் அனுப்பிய வரைபைப் பார்த்தேன். கடுங்குளிரில் காந்தத்தன்மை இறங்க வேண்டிய இடத்தில், வால் மாதிரி மேலே ஏறுகிறது. நீங்கள் அதை அழுக்கு என்கிறீர்கள்.

உங்கள் செம்பு அணுக்கள் ஒற்றை வரிசையில் நிற்பவை. ஒன்று மேலே பார்த்தால் அடுத்தது கீழே பார்க்கும். சோடி சோடியாய் ஒன்றையொன்று அடக்கிவிடும். இடையில் காந்தமில்லாத துத்தநாகம் புகுந்தால் வரிசை அறுகிறது. வயல் நடுவே மண்கட்டி விழுந்தால் தண்ணீர் சுற்றிப் போகும். வாய்க்காலை அடைத்து விழுந்தால் எங்கே போகும்? அறுந்த துண்டில் ஒற்றைப்படையாய் அணுக்கள் இருந்தால் ஒன்று சோடியில்லாமல் மிஞ்சும். அப்படி மிஞ்சியவைதான் குளிரில் உங்கள் காந்தத்தின் பக்கம் திரும்புகின்றன. சோடியில்லாமல் நிற்பது எப்படி என்று எனக்குத் தெரியாதா? கலியாணம் முடித்து இந்த வீட்டில் ஒரு பெருநாள்தானே சேர்ந்து கொண்டாடினோம்.

புருசன்ட காயிதத்துக்கு மறுமொழி எழுதாம இவள் கணக்குச் செய்றாள் என்று உம்மா பக்கத்து வீட்டு ஹாஜறாவிடம் முறையிடுகிறார். வெள்ளையடிக்க வந்தவரை நான் திருப்பி அனுப்பியதில் உம்மாவுக்கு என்மேல் பொல்லாத கோபம்.

பழைய பளிங்கை வீச வேண்டாம். இன்னொன்று வளர்த்து, இம்முறை நீங்களே வேண்டுமென்று கூடுதலாய்த் துத்தநாகம் சேர்த்து அளந்து பாருங்கள். வால் இன்னும் ஏறினால் அதுதான் உங்கள் ஆய்வு. எத்தனை வருடமானாலும் முடித்துக்கொண்டு நிமிர்ந்து வாருங்கள். ஏறாவிட்டால் என் கணக்குப் பிழை. அடுத்த விமானத்தில் ஏறிவிடுங்கள். வீட்டுக்கு நானே வெள்ளையடிக்கிறேன்.

மூன்று தரம் சரிபார்த்துவிட்டேன், மச்சான். பிழையில்லை. ஒரு பிழையாவது அகப்படாதா என்றுதான் மூன்றாம் தரம் பார்த்தேன்.

அல்லாஹ் உங்கள் கைக்குப் பறக்கத்தைத் தரட்டும்.

உங்கள்
முனவ்வறா