பொட்டு வைத்த புத்தகம்

செக்காலை, காரைக்குடி
17-10-1975

அன்பு மகள் உமையாளுக்கு அம்மா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. கொப்புடையம்மன் புண்ணியத்தில் நானும் அப்பாவும் சுகம், பம்பாயில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பதாக எழுதினால்தான் எங்களுக்கு இங்கே சோறு இறங்கும். அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலை. வலி இருந்தவரை வீட்டில் இருந்தார், இப்போது மறுபடியும் நேமத்தான்பட்டி வயலே கதி என்று கிடக்கிறார்.

உன் பார்சல் கதைக்கு வருகிறேன், கோபப்படாமல் கடைசிவரை படி. சரஸ்வதி பூஜைக்கு முதல் நாள் தபால்காரர் கொண்டுவந்தார். பிரித்தால் இரண்டு இங்கிலீஷ் புத்தகம், ஒன்று செங்கல் தடிமன், ஒன்று ஒல்லி. கடிதம் எதுவும் கண்ணில் படவில்லை. சின்ன வயதில் ஒரு வருஷம் தவறாமல் பூஜையில் புத்தகம் வைப்பாயே, அத்தனை தூரத்தில் இருந்தும் என் மகள் மறக்காமல் அனுப்பிவிட்டாள் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. பக்கத்து வீட்டுப் பொன்னழகிடமும் பெருமை பேசியாகிவிட்டது. இரண்டுக்கும் சந்தனம் தடவி, குங்குமத்தைக் குழைத்துப் பெரிய பொட்டாக வைத்து அடுக்கினேன். பூஜையில் வைத்ததை மறுநாள்வரை பிரிக்கக் கூடாதே, அதனால் விஜயதசமி காலையில்தான் தடிப் புத்தகத்தைத் திறந்தோம், உள்ளே இருந்து உன் கடிதம் விழுந்தது.

அப்பா உரக்கப் படித்தார். டைப் அடிக்கும் உன்னைக் கம்ப்யூட்டர் பிரிவுக்கு எடுக்க அடுத்த மாதம் பரீட்சை என்பதும், தேறாவிட்டால் பழைய மேஜைக்கே திரும்ப வேண்டும் என்பதும், கூட எழுதுகிறவர்கள் எல்லோரும் கணக்கில் பட்டம் வாங்கியவர்கள் என்பதும் தெரிந்தது. அம்மா பயமாக இருக்கிறது என்று எழுதியிருந்தாயே, அங்கே அப்பாவை நிறுத்தி அந்த வரியை இன்னொரு தரம் படிக்கச் சொன்னேன். ஆப்பரேட்டிங் சிஸ்டம் என்பதை முதன்முதலாகப் படிக்கிறவளுக்கு இந்த இரண்டு புத்தகத்தில் எது ஏற்றது என்று, இன்ஜினியரிங் காலேஜில் கம்ப்யூட்டர் பார்க்கும் எதிர்வீட்டுக் குழந்தைவேலுவிடம் கேட்டுச் சொல்லுங்கள், இங்கே கேட்டால் இதுகூடத் தெரியாதா என்று சிரிப்பார்கள் என்று எழுதியிருந்தாய். அடுத்த வரிதான் வெடி. இரண்டையும் திருப்பி அனுப்ப வேண்டும், வேண்டாததைக் கடைக்காரன் திரும்ப எடுத்துக்கொள்வான், ஆனால் சின்னக் கறைகூட இருக்கக் கூடாது. அப்பா பொட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கறையா, நீ பொண்ணு பாக்க வர்றவுகளுக்குக் காட்டுற மாதிரியில்ல சோடிச்சு வச்சிருக்கே என்று சிரித்தாரே ஒரு சிரிப்பு, எனக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது.

ஈரத்துணியால் துடைத்தோம். தடிப் புத்தகத்துக்குப் பளபளப்பான உறை, அதனால் பொட்டு சுத்தமாகப் போய்விட்டது. ஒல்லிப் புத்தகம் வெறும் அட்டை, குங்குமம் ஊறிவிட்டது, தேய்க்கத் தேய்க்கப் பரவியது. ஆக ஒல்லியைத் திருப்பித் தர முடியாது, தடித்ததுதான் உனக்கு ஏற்றதென்றால் என்ன செய்வது என்று உடனே எதிர்வீட்டுக்கு ஆள் விட்டேன். குழந்தைவேலு வந்து பார்த்து, என்னக்கா இப்புடிப் பண்ணிப்புட்டீக என்றது. நான் விடவில்லை. தம்பி, ரெண்டுலயும் முதப் பாடத்த எனக்குத் தமிழ்ல சொல்லு, அஞ்சாப்புப் படிச்ச எனக்கு எது வெளங்குதோ அதுதான் அவளுக்கு என்றேன்.

தடிப் புத்தகத்தின் முதல் பக்கத்தைப் படித்துவிட்டுக் குழந்தைவேலுவே தலையைச் சொறிந்தது. நன்றாகத் தெரிந்தவர்கள் சந்தேகம் பார்ப்பதற்கு இது, புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு இல்லை என்று மூடி வைத்தது. ஒல்லியைச் சொன்னபோது நான் அடுப்பில் பாலை வைத்ததையே மறந்துவிட்டேன். கம்ப்யூட்டருக்குள் பல வேலை காத்திருக்குமாம், எது முதலில், எதற்கு எவ்வளவு நேரம் என்று முறை வைத்து விடுவதுதான் ஆப்பரேட்டிங் சிஸ்டமாம். அட, நம்ம கம்மாய்த் தண்ணிய வயலுக்கெல்லாம் முறை வச்சுப் பாய்ச்சுற சோணையத்தான சொல்றே, வெதைக்க மாட்டாக, அறுக்க மாட்டாக, ஆனா அவுக மடை தொறக்காம யாரு வயல்லயும் ஒரு பொட்டுத் தண்ணி ஏறாதே என்றேன். குழந்தைவேலு தொடையில் அடித்துக்கொண்டு, அக்கா, இத எழுதுனவருக்கே இப்புடிச் சொல்ல வரலையே என்றது. உமையா, நீ என்ன வேலைக்குப் போகிறாய் என்பது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. அம்மன்தான் ஒல்லியைப் பிடித்து நிறுத்தினாள் என்கிறேன், அட்டைதான் நிறுத்தியது என்கிறார் அப்பா, பேசிக்கொண்டே இருக்கட்டும்.

இரண்டையும் இன்று ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பியிருக்கிறோம், தடித்ததை உடனே கடையில் கொடுத்துவிடு. விடிகாலையில் எழுந்து படி, வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி, தெரியாததைக் கேட்க வெட்கப்படாதே. பட்டம் வாங்கியவர்களைப் பார்த்து மிரளாதே, அவர்களுக்கும் இது புதுசுதான். எல்லா நலமும் பெற்று நீ நீடூழி வாழ வேண்டும். தேறினால் சந்தோஷம். தேறாவிட்டாலும் முகத்தைத் தொங்கப் போடாமல் பொங்கலுக்கு அந்த ஒல்லிப் புத்தகத்தோடு வந்து சேர். ஒரே நேரத்தில் இரண்டு வேலை முந்திக்கொண்டு வந்தால் அந்த ஆப்பரேட்டிங் சிஸ்டம் எதை முதலில் விடும் என்று இரண்டாம் பாடத்தில் இருக்கிறதாம். குழந்தைவேலு சொல்ல வந்தது, நான்தான் வேண்டாம் என்றுவிட்டேன், அதை நீ சொல்லித்தான் கேட்பேன்.

இப்படிக்கு,
உன் வரவை எண்ணியிருக்கும் அம்மா
நாச்சியார்